கொம்பனுக்கு எழுதிய கடிதம்

போனக்காட்டு எஸ்டேட்டில் கொம்பன் வந்து நிற்பதாகக் கேட்டதும், அது என் ஆபீஸ் சூப்பிரண்டு என்று நம்பினேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறகு யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது நல்லது.

கொம்பன் என்றால் தந்தமுள்ள ஆண் யானை என்பது எனக்குத் தெரியாததல்ல. திருவனந்தபுரத்தில் பிறந்து, ஆரியசாலையில் தமிழையும் மலையாளத்தையும் ஒரே தட்டில் பிசைந்து தின்று, நாற்பத்து நான்கு வயதை எட்டியவன் நான். ஆனால் எங்கள் ஆபீஸில் கொம்பன் என்றால் ஒருவர்தான். மலையாளத்தில் முறுக்கி மேலே தூக்கிவிட்ட மீசைக்குக் கொம்பன் மீசை என்று பெயர். எங்கள் சூப்பிரண்டிடம் அப்படி ஒன்று இருந்தது. மீசையின் பெயர் ஆளுக்கு வந்துவிட்டது. ஒன்பது வருஷமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது "கொம்பன் வந்தாச்சா", "கொம்பன் விளிக்குந்நு", "கொம்பன் லீவா" என்று கேட்டுக் கேட்டு, அந்தச் சொல்லில் இருந்த யானை எனக்குள் எப்போதோ செத்துப்போயிருந்தது. செக்‌ஷனில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அவருக்கு மட்டும் தெரியாது.

அந்த மாதக் கடைசியில் எங்கள் ஹெட் கிளார்க் ரிட்டயர் ஆகிறார். அந்த நாற்காலிக்கு இரண்டு பேர். ஒன்று நான். இன்னொருவர் எனக்கு மூன்று வருஷம் ஜூனியர், ஆனால் வேலை தெரிந்தவர். இரண்டில் யார் என்று சனிக்கிழமைக்குள் சூப்பிரண்டு ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். பதினாறு வருஷமாக அந்த நாற்காலியின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். அதன் பிரம்புப் பின்னலில் எத்தனை ஓட்டை என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். இப்படிப்பட்ட வாரத்தில் மூளை உள்ளவன் பாய் தலையணையோடு ஆபீஸிலேயே குடியேறியிருப்பான். நான் மலையேறப் போனேன்.

காரணம் சாமி. கடவுள் இல்லை, கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் குடியிருக்கும் என் சிநேகிதர். எங்கள் ஊரில் தமிழ்ப் பிராமணரைப் பெரும்பாலும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். பதிலுக்கு அவர் என்னை அண்ணாச்சி என்பார். எங்கள் குடும்பம் திருநெல்வேலியிலிருந்து மிளகாய் மூட்டையோடு வந்தது என்பதை நான் மறந்துவிடக் கூடாதே என்ற அக்கறை. அதே கட்டடத்தில் பால் பண்ணைப் பிரிவில் இருந்தார். அவருக்கு வேறு சூப்பிரண்டு, வேறு தலைவிதி.

இந்தச் சாமியை அரசாங்கம் ஆறு மாதப் பயிற்சிக்கு அயர்லாந்துக்கு அனுப்பியது. பால் பதப்படுத்தக் கற்றுக்கொள்ளப் போனவர், நடக்கக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தார். வந்த நாளிலிருந்து கேண்டீனில் பாலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அங்கெல்லாம் மனுஷா காரணமே இல்லாம நடப்பா, ஓய். குன்று, குன்றுக்குக் கீழே ஏரி, ஏரிக்கரையிலேயே ஒத்தையடிப் பாதை. நாலு மைல் போனா ஒரு ஆடு நிக்கும். அதுவும் நம்மளப் பார்த்து நகராது."

"நடந்து எங்க போவாங்க?"

"எங்கயும் போக மாட்டா. கிளம்பின எடத்துக்கே திரும்பி வருவா."

"அதுக்கு வீட்டுலயே இருக்கலாமே."

"உமக்குப் புரியாது. மிளகாய் மூட்டைக்குப் பின்னாடியே வளர்ந்தவர்."

யாரோ ஒருவருடைய வயல் வழியாகவே பாதை போகுமாம். வேலிக் கதவைத் திறந்து, உள்ளே போய், மறுபடி மூடிவிட வேண்டும். அது ஒன்றுதான் சட்டம். வயலுக்குச் சொந்தக்காரன் எதிரே வந்தால் திட்ட மாட்டான், மழையைப் பற்றி விசாரிப்பான். வழி கேட்டால் அரைமணி நேரம் சொல்வான். மழையில் நனைந்து திரும்பி வந்து உருளைக்கிழங்கு தின்பார்கள். பாம்பு என்று ஒன்று அந்த நாட்டிலேயே கிடையாது. இதைச் சொல்லும்போது சாமியின் முகத்தில் ஒரு பெருமை. ஏதோ இவர் போய்த்தான் எல்லாவற்றையும் அடித்து விரட்டிவிட்டு வந்ததுபோல.

"அங்க என்னதான் ஆபத்து?" என்று கேட்டேன்.

"காளை மாடு. அதையும் வேலி போட்டு அடைச்சிருப்பா."

கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்துவிட்டது. வித்துராவுக்கு மேலே புதிதாக அணை கட்டித் தண்ணீர் தேங்கியிருந்தது. அதுதான் ஏரி என்றார் சாமி. அதற்கும் மேலே போனக்காட்டு எஸ்டேட், அதுதான் குன்று. ஆடு மட்டும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை போகலாமே என்றேன். "ஞாயித்துக்கிழமை மலை கூட்டமா இருக்கும், ஓய். வார நாள்லதான் காலியா கெடக்கும்" என்றார். போனக்காட்டு மலை உண்டான நாளிலிருந்து காலியாகத்தான் கிடக்கிறது. அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. புதன்கிழமை என்று முடிவாயிற்று.

எனக்குக் காஷுவல் லீவு மிச்சமில்லை. அப்பாவின் மளிகைக் கடையில் பெருங்காயம் வாங்கும் டாக்டர் ஒருவர் இருந்தார். ஒரு டப்பா பெருங்காயத்துக்கு அவர் எழுதிக் கொடுத்தார்: கடுமையான முதுகுவலி, புதன் முதல் சனி வரை பூரண ஓய்வு. எழுதி முடித்தவர் நிறுத்தியிருக்கலாம். பெருங்காயத்தின் வாசனை நன்றாக இருந்ததோ என்னவோ, "மாடிப்படி ஏறக் கூடாது" என்று ஒரு வரி சேர்த்தார். எங்கள் செக்‌ஷன் மாடியில் இருக்கிறது. எவ்வளவு பொருத்தமான வரி என்று நான் அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லி, அதை ஆபீஸுக்கு அனுப்பிவைத்தேன்.

புதன்கிழமை காலையில் தொப்பியைத் தேடினேன்.

"முதுகுவலிக்குத் தொப்பி எதுக்கு?" என்றாள் மனைவி.

"வெயில் முதுகுல படாம இருக்க."

"அப்ப முதுகுல போட்டுக்கிட்டுப் போங்க."

பஸ்ஸில் பாதி வழிவரை கூனிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தெரிந்தவன் யாராவது ஏறினால் வைத்தியரைப் பார்க்கப் போவதாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் சாமி. தலையில் கம்பளித் தொப்பி, கையில் வளைந்த பிடி போட்ட தடி, கழுத்தில் காம்பஸ். இவரைத்தான் வைத்தியர் என்று சொல்லியிருக்க வேண்டும். தெரிந்தவன் யாரும் ஏறவில்லை.

வித்துராவில் இறங்கி தோசை தின்றுவிட்டு, அணைத் தண்ணீரின் ஓரமாக நடக்க ஆரம்பித்தோம். உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. தண்ணீருக்கு நடுவே மூழ்கிய மரங்களின் உச்சிக் கிளைகள் கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தன. அதில் உட்கார்ந்திருந்த நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காயப்போட்டிருந்தது. மலையின் நிழல் தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தது. அரைமணி நேரம் சாமி அயர்லாந்தையே எடுக்கவில்லை. அதிலிருந்தே நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

பிறகு பாதை ஒரு மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் போயிற்று. மூங்கில் படலைத் திறந்து உள்ளே போய், சாமி சட்டப்படி அதை மறுபடி மூடினார். எதிரே தோட்டக்காரர் வந்தார். சாமி தொப்பியைத் தொட்டு, இன்றைக்கு மழை வருமா என்று மலையாளத்தில் அன்பாக விசாரித்தார். அந்த மனிதர் தொப்பியைப் பார்த்தார், காம்பஸைப் பார்த்தார், முகம் கறுத்துவிட்டது. "இனியும் அளக்கணோ?" என்றார். இன்னும் அளக்க வேண்டுமா என்று. அணைக்காக அவருடைய நிலத்தில் பாதியை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்களாம். மிச்சத்தை அளக்க வந்தவர்கள் என்று எங்களை நினைத்துவிட்டார். நாங்கள் அளக்க வரவில்லை, சும்மா நடக்கிறோம் என்று சாமி சொன்னார். சும்மா நடப்பதை அவர் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள். பின்னாலேயே வந்து, படலுக்கு வெளியே எங்களை விட்டு, படலைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டுத்தான் போனார்.

"அயர்லாந்துல இப்படி இல்லை" என்றார் சாமி.

"அங்க அவன் நெலத்தை எடுத்துக்கிட்டு யாரும் மழையைப் பத்திக் கேக்கலையோ என்னவோ."

ஏரி போதும் என்று குன்றுக்குக் கிளம்பினோம். எஸ்டேட் டிராக்டர் ஒன்று மேலே போய்க்கொண்டிருந்தது. கெஞ்சி ஏறிக்கொண்டோம். எஸ்டேட்டின் முதல் வளைவில் எங்களை இறக்கிவிட்டு, எஞ்சினை நிறுத்தாமலே டிரைவர் சொன்னான்: "சாரே, சூட்சிச்சுப் போணே. கொம்பன் வந்நிட்டுண்டு." ஜாக்கிரதையாகப் போகச் சொல்லிவிட்டு டிராக்டர் மேலே போய்விட்டது.

இந்த இடத்தில் மலையாள இலக்கணத்தின் மேல் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. தமிழில் வினைச்சொல்லுக்கு ஒரு வால் உண்டு. வந்திருக்கிறது என்றால் யானை. வந்திருக்கிறார் என்றால் சூப்பிரண்டு. வந்திருக்கிறான் என்றால் சூப்பிரண்டு முன்னால் இல்லாதபோது சூப்பிரண்டு. வாலைப் பிடித்து ஆளைக் கண்டுபிடித்து விடலாம். மலையாள வினைக்கு வால் இல்லை. யானை வந்தாலும் வந்நு, அதிகாரி வந்தாலும் வந்நு. வயிற்றில் பொய் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு நிற்பவன் காதில் அந்தச் சொல் எப்படி விழும்? கொம்பன் வந்துவிட்டார். என்னைத் தேடித்தான். அவருடைய மைத்துனருக்குத் தேயிலையோடு ஏதோ சம்பந்தம் உண்டு என்று யாரோ சொன்ன ஞாபகம்கூட அந்த நொடியில் வந்தது. அப்படி யாரும் சொல்லவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

சாமியின் முகம் அவர் நெற்றியில் இருந்த விபூதி நிறத்துக்கு வந்துவிட்டது.

"அண்ணாச்சி, திரும்பிடலாம்."

"எப்படித் திரும்புறது? ரோட்டுல போனா நேரே பார்த்துடுவாரு."

"பார்த்தா நம்மால ஓட முடியாது."

"என்னால ஓடவே கூடாது. முதுகுவலி."

சாமி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதுக்கு மோப்ப சக்தி ஜாஸ்தி, ஓய்."

"அதுக்குத்தான் நானும் பயப்படறேன். ஒன்பது வருஷமாப் பார்க்கறேனே."

அவர் "அதுக்கு" என்றதை நான் கவனிக்காமல் இல்லை. வேறு செக்‌ஷன்காரர், எங்கள் சூப்பிரண்டுக்கு மரியாதை கொடுக்க வேண்டிய அவசியம் அவருக்கு என்ன என்று விட்டுவிட்டேன். பொறாமையாகக்கூட இருந்தது. சாமி தடியையும் என்னையும் அங்கேயே விட்டுவிட்டு, தேயிலை ஃபாக்டரி இருந்த பக்கமாக ஓடினார். அயர்லாந்தில் ஆறு மாதம் கற்ற நடையில் ஒன்றுகூட அந்த ஓட்டத்தில் இல்லை.

ஒளிய இடம் தேடி நான் லயத்துப் பக்கம் போனேன். லயம் என்பது தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கும் வீடுகள். கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு ஓர் அம்மாள் வேகமாக எதிரே வந்தாள். எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள் நம் பக்கத்துத் தமிழர்கள். ஆகவே வால் உள்ள பாஷை பேசினாள்.

"சார், அங்கிட்டுப் போகாதீங்க. கொம்பன் வந்திருக்காரு."

வந்திருக்காரு. கேட்டீர்களா? காட்டில் வேலை செய்கிறவர்கள் யானையை அது இது என்று சொல்ல மாட்டார்கள். மரியாதை கொடுத்துத்தான் பேசுவார்கள், இல்லாவிட்டால் வீடு தேடி வரும் என்று பயம். இதுவும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எனக்குக் கொஞ்ச நஞ்சம் இருந்த சந்தேகமும் அந்த "காரு"வில் தீர்ந்துபோயிற்று.

"எப்ப வந்தாரும்மா?"

"நேத்து சாயந்திரம்."

"தனியாவா?"

"அவரு எப்பவும் தனியாத்தான் வருவாரு."

பியூன்கூட இல்லாமல் வந்திருக்கிறார். அப்படியென்றால் ரகசிய விசாரணை.

"இங்க வந்து என்ன செஞ்சாரு?"

"என்ன செய்வாரு. பங்களா முத்தத்துல நின்னாரு. ஆபீஸ் வராந்தாத் தூணுல முதுகை உரசிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் ரைட்டரு வீட்டு வாழைக்குலையை முழுசாத் தின்னுட்டாரு."

"முழுக் குலையையுமா?"

"தண்டையும் சேத்து."

எங்கள் சூப்பிரண்டு மத்தியானத்தில் ஐந்து ஏத்தன்பழம் தின்பவர். அடுத்தவன் வீட்டு வாழை என்றால் ஒரு குலை ஆச்சரியமில்லை. தண்டில்தான் கொஞ்சம் தயங்கினேன். பிறகு அவருக்குச் சிறுநீரகத்தில் கல் இருப்பது ஞாபகம் வந்தது. வாழைத்தண்டு கல்லைக் கரைக்கும். எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது.

"கோபமா இருக்காரா?"

"காலைல டிஸ்பென்சரிக் கதவை ஒடச்சு, உள்ள தலையை விட்டுப் பார்த்தாரு."

டிஸ்பென்சரி. மெடிக்கல் சர்டிபிகேட்டுகளைத்தான் சோதிக்கிறார். எஸ்டேட் டிஸ்பென்சரியில் என் சர்டிபிகேட் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். அப்போது என்னிடம் யாரும் கேட்கவில்லை.

"போன மாசம் உங்க மாதிரி டவுன்லருந்து ரெண்டு பேரு வந்து மாட்டிக்கிட்டாங்க" என்றாள். "ஒருத்தரு தப்பிச்சாரு. இன்னொருத்தரு இன்னும் வேலைக்குப் போகலையாம்."

சஸ்பென்ஷன்.

என் சர்வீஸில் ஒன்று கவனித்திருக்கிறேன். பிடிபட்டவனுக்குத்தான் மெமோ வரும். தானே போய்ச் சொன்னவனைத் திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். ஆகவே அவர் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அவருக்கு எழுதிவிட வேண்டும். ஆபீஸ் காகிதமும் கவரும் என் பையில் எப்போதும் இருக்கும். திருட்டு என்பார்கள், முன்யோசனை என்பேன் நான். அந்த அம்மாளை ஐந்து நிமிஷம் நிற்கச் சொல்லிவிட்டு, லயத்துச் சுவரில் காகிதத்தை வைத்து எழுதினேன். இங்கிலீஷில்தான். பயம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும்.

முதுகில் வலி எதுவும் இல்லை என்று எழுதினேன். சர்டிபிகேட் பெருங்காயத்தினால் கிடைத்தது என்று எழுதினேன். இந்த யாத்திரைக்கு என்னைத் தூண்டியவர் பால் பண்ணைப் பிரிவைச் சேர்ந்த இன்னார் என்று, சிநேகிதரின் முழுப் பெயரையும் பதவியையும் எழுதினேன். இத்தோடு நிறுத்தியிருந்தால் மனிதன். ஒன்றை ஒப்புக்கொள்ள ஆரம்பித்தால் எனக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. எஸ்டேட் முழுவதும் அவரைக் கொம்பன் என்று அழைப்பதை அவரே கேட்டிருப்பார், அந்தப் பெயர் எங்கள் ஆபீஸிலிருந்துதான் மலையேறியிருக்கும் என்று தோன்றியது. ஆகவே "தங்களைக் கொம்பன் என்று நாங்கள் குறிப்பிடுவது முழுக்க முழுக்க அன்பினாலும் மரியாதையினாலும்தான், முதலில் சூட்டியவன் அடியேன்" என்று ஒரு பத்தி சேர்த்தேன். கவரின் மேல், கைப் பழக்கத்தில், அவர் பெயர், பதவி, பிரிவு, ஆபீஸ் விலாசம், ஊர் எல்லாம் எழுதினேன்.

"இதைக் கொம்பன்கிட்டச் சேர்த்துடும்மா."

"கொம்பன்கிட்டயா?"

"எனக்கு நேர்ல போகப் பயமா இருக்கு."

அவள் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஓ, கொம்பன் விஷயமா மனுவா. நாங்களும் எத்தனையோ குடுத்துட்டோம் சார், ஒருத்தரும் ஏன்னு கேக்கல. நீங்களாவது இங்கிலீஷ்ல எழுதினீங்களே. ரைட்டரு ஐயா கையில குடுத்துடறேன்."

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் அதை விருந்தாளியிடம் கொடுத்துவிடுவார் என்று எனக்குத் திருப்தி. கொம்பனைப் பற்றி இத்தனை மனு போயிருக்கிறதே, நம் ஆள் இங்கேயும் இப்படித்தானா என்று ஓர் அற்ப சந்தோஷமும்கூட.

கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேரும்வரை கண்ணில் படக் கூடாது. பெரிய மனிதர்கள் பங்களாப் பக்கம்தான் இருப்பார்கள். லயத்துக்குப் பின்னால் வாழையும் புதருமாகக் கிடக்கிற இடத்துக்கு வர மாட்டார்கள். அங்கே போய், தேயிலைச் செடிகளுக்கு நடுவே தண்ணீர் போக வெட்டியிருந்த பள்ளத்தில் உட்கார்ந்தேன். அட்டைகள் ஒவ்வொன்றாக வந்து என் காலில் குடியேறின. அட்டைக்குப் போட வேண்டிய உப்பு சாமியின் பையில் இருந்தது. சாமி ஃபாக்டரியில் இருந்தார். ஒரு மணி நேரம் போயிருக்கும். சூப்பிரண்டின் முன்னால் எந்த மாதிரி முகத்தோடு நிற்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். வாழைக்குப் பக்கத்தில் இருந்த பாறை காதை ஆட்டியது.

எனக்கும் அதற்கும் நடுவே இரண்டு பஸ் நீளம்கூட இருக்காது. பாறையின் முன்பக்கம் இரண்டு வெள்ளைத் தந்தங்கள். தும்பிக்கையில் மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டது. அதன் சின்னக் கண் என் பக்கம் திரும்பிற்று.

அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதனுக்கு மூச்சு நின்றிருக்கும். எனக்கு மூச்சு வந்தது. அப்பாடா, யானைதான் என்று உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி. இது சர்டிபிகேட் கேட்காது. இதற்கு என் ஜூனியரைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. மிஞ்சிப் போனால் மிதிக்கும். கைகூப்பிக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன். அது கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, பின்பக்கத்தைக் காட்டித் திரும்பி, ஈற்றை மூங்கில் புதருக்குள் நுழைந்து போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் கடிதம் ஞாபகம் வந்தது.

பள்ளத்திலிருந்து எழுந்து ஆபீஸுக்கு ஓடினேன். ஃபாக்டரி மாடி ஜன்னலிலிருந்து சாமியும் இன்னும் பத்துப் பேரும் "ஓடாதே, ஓடாதே" என்று கத்தினார்கள். யானை போன திசையைப் பார்த்து அவர்கள் பயந்தார்கள். நான் தபால் போகும் திசையைப் பார்த்து ஓடினேன். எஸ்டேட் ரைட்டர், வாழைக்குலை பறிகொடுத்தவர், மேஜைக்குப் பின்னால் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

"அந்த மனுவா சார்? தபால் பை அப்பவே டிராக்டர்ல போயாச்சு. ஸ்டாம்ப் ஒட்டாம இருந்துது. நானே ஒட்டிட்டேன், கவலைப்படாதீங்க."

சாயங்கால பஸ்ஸில் மலையிறங்கி வரும்போது சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெயரை எழுதியதைத் தவிர. மனிதர் வித்துரா வரும்வரை சிரித்தார். நடுவில் ஒருதடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அயர்லாந்துல இப்படி ஒருத்தன்கூட இல்லை, ஓய்" என்றார். வித்துராவில் தபாலாபீஸ் பூட்டியிருந்தது. பை போய்விட்டிருந்தது.

வியாழக்கிழமை முழுவதும் வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "யானையையும் சூப்பிரண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாதவருக்கு ஹெட் கிளார்க் வேலை எதுக்கு?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலைத் தபாலில் கடிதம் வரும் என்று கணக்குப் போட்டேன். தபால் பத்தேகாலுக்கு மாடிக்குப் போகும். பத்தரைக்குப் பிரித்து மேஜைகளுக்கு வரும். நான் பத்துக்கே போய்விட்டேன். மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றபிறகுதான் டாக்டர் எழுதிய கடைசி வரி கண் முன்னால் வந்தது. படி ஏறினால் சர்டிபிகேட் பொய். ஏறாவிட்டால் கடிதம் மெய். பியூனைக் கூப்பிட்டு ஒரு கவரை மட்டும் எடுத்துத் தா என்று கேட்கலாமா என்று பார்த்தேன். அந்தப் பியூனுக்கு என் ஜூனியர் கல்யாணச் சம்பந்தம் பேசி வைத்திருந்தார். தபால்காரர் என்னைத் தாண்டி மேலே போனார்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதுகுவலிக்காரனாகவே ஏறுவது. இடது கையை இடுப்பில் ஊன்றி, வலது கையால் கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். வேலைக்கு நேரமாகி வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஒரு டைப்பிஸ்ட் அம்மாள் "பாவம், என்திநா வந்நது" என்று உச்சுக் கொட்டினாள். பாவம், எதற்கு வந்தார் என்று. அந்த இரக்கம் எனக்கு உற்சாகமாகிவிட்டது. பாதிப் படியில் நின்று நெற்றியைத் துடைத்தேன். கண்ணை மூடினேன். ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார், உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார்கள்; குடித்தேன். அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன்பும் நடித்ததில்லை, அதற்குப் பிறகும் நடித்ததில்லை.

மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். சூப்பிரண்டின் மேஜையில் கவர் கிழிந்து கிடந்தது. கடிதத்தின் இரண்டாவது பக்கம் அவர் கையில் இருந்தது. கொம்பன் வருவது இரண்டாவது பக்கத்தில்தான். அவர் தலையை நிமிர்த்தி, எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"இரிக்கூ" என்றார். "நடுவேதனையல்லே." உட்காருங்கள், முதுகுவலி அல்லவா.

சனிக்கிழமை குறிப்பு மேலே போயிற்று. ஒன்றாம் தேதியிலிருந்து என் ஜூனியர் ஹெட் கிளார்க் ஆனார்.